ஒரு நொடிக்கு எழுபத்தைந்து துண்டு

என் வேலை கேட்பது. சிதம்பரத்தில், கோயிலுக்குத் தெற்கே உள்ள வீதியில், ஓர் ஒலிப்பதிவுக் கடையில் எட்டு வருடம் உட்கார்ந்து கேட்டேன். 2004-ல் சேர்ந்தேன். 2012-ல் கடையை மூடுகிற வரைக்கும் இருந்தேன். அந்த இடத்தில் இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேத்தி கல்யாணத்துக்குச் சொல்லி வைக்கப் போயிருந்தேன். அங்கே வேலை செய்கிற இரண்டு பெண்கள், நான் முன்பு அங்கே இருந்தவள் என்று தெரிந்ததும் நாற்காலி போட்டார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்:

"சிடி போடுறதுல அப்புடி என்னாம்மா வேல? உள்ள தள்ளுனா எழுதிக்கிட்டு வெளிய வந்துரப் போவுது."

அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல அங்கே நேரம் இல்லை. கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டி எழுதுவதால் நாள் பிடிக்கிறது. எனக்கென்ன அவசரம்?

என் பெயர் அஞ்சலை. கடலூர் முதுநகருக்குக் கிழக்கே கடற்கரையில் வாழ்க்கைப்பட்டேன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர். எழுத்து சொல்லித் தராவிட்டாலும் எண்ணைச் சொல்லித் தந்தார். கால், அரை, முக்கால் வாய்ப்பாடெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். கல்யாணத்துக்குப் பிறகு மீன் கூடை. காலை ரயிலில் சிதம்பரம் போய் வீடு வீடாக விற்பேன். நான் மீன் கொடுத்த வீடுகளில் ஒன்று மூர்த்தி சார் வீடு. வீட்டுக்கு முன் அறையில்தான் கடை.

மூர்த்தி சார் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். சிடி வந்த பிறகு ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினார். கல்யாண நாதஸ்வரம், மார்கழிப் பஜனை, இறந்துபோனவர்கள் பேசியது, குழந்தை மழலையில் பாடியது, எது கேசட்டில் இருந்தாலும் கொண்டு வருவார்கள். சிடியாக மாற்றித் தர வேண்டும். ஒரு நாள் வாசலில் கூடையை இறக்கி வைத்தபோது உள்ளே ஒரு பாட்டு ஓடியது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னா சார், ஒரு பக்கந்தான் பாடுது? இன்னொரு பொட்டி தூங்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

சார் எழுந்து போய் இரண்டு ஒலிபெருக்கியிலும் காதை வைத்துப் பார்த்தார். ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. அவர் அரை மணி நேரமாக அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். மறுவாரம், "கூடையத் தூக்குறது கழுத்துக்கு ஆவல, இங்க வந்து உக்காருறீங்களா?" என்று கேட்டார். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

கற்றுக்கொண்ட கதையை நீட்ட மாட்டேன். கேசட்டின் ஐந்து திருகாணியைக் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றுவது. பேனாவை விட்டுச் சுற்றித் தளர்ச்சி எடுப்பது. தலையைச் சாராயத்தால் துடைப்பது. தலை என்றால் நாடா உரசிப் போகிற இரும்பு; சாராயம் என்றால் மருந்துக்கடையில் வாங்குகிற ஸ்பிரிட். இதற்கு ஆறு மாதம் ஆனது.

சார் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்ல வேண்டும். நாடாவைத் தொடுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை அறையில் வைத்துவிடுவார். கேட்கும்போது ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்காருவார். ஒருநாளும் "தப்பு" என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. நாம் செய்து வைத்ததைக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் அந்தக் கேசட்டை மேசைமேல் நம் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி வைப்பார். அவ்வளவுதான். நாமே எடுத்துப் போய் மறுபடி செய்ய வேண்டும். சரியாக இருந்தால் அவரே எழுந்து அலமாரியில் வைப்பார். அந்த ஒரு விரற்கடைக்கு நான் பயந்த மாதிரி என் மாமியாருக்குக்கூடப் பயந்ததில்லை.

நான் சேர்ந்த வருடக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு போனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபது நாள் கழித்து வேலைக்குப் போனபோது கடையில் கோணிப்பை கோணிப்பையாகக் கேசட்டுகள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் மண்ணோடு அள்ளி வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சார் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை இரண்டு கேன் வாங்கி வைத்திருந்தார். "கொழாத் தண்ணியில உப்பு இருக்கும் அஞ்சலையம்மா. இதுல அலசணும். வெயில்ல காய வெக்கக் கூடாது, நெழல்ல" என்றார். நான் அலசினேன். பாதிக்கு மேல் பிழைத்தது. அப்போதுதான் இது என்ன வேலை என்று எனக்குப் பிடிபட்டது. போன பொருளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. குரலைக் கொண்டுவரலாம்.

இனி சொல்ல வந்த சங்கதிக்கு வருகிறேன்.

ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்திவிட்ட காலம். நான் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். கடையில் கம்ப்யூட்டர் பார்த்தது கலா. நெல்லிக்குப்பத்துப் பெண், அவள் வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலை. முப்பது வயது இருக்கும், கெட்டிக்காரி. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த பழைய மென்பொருள் வைரஸ் வந்து படுத்துவிட்டது. அதற்குப் பதில் கலா வேறொன்று போட்டாள். யாருக்கும் சொந்தம் இல்லாதது, பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதுவது, உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றாள்.

"ஊர் கூடி இழுக்குற தேரு மாதிரின்னு வெச்சிக்குங்கக்கா."

"தேரு அச்சு முறிஞ்சா யார்ட்ட போய் கேக்குறது?" என்றேன்.

"நம்மளே எறங்கிப் பாக்கலாம். அதான் இதுல விசேஷம்."

வேலை இப்படி நடக்கும். ஒரு கேசட்டை ஒரே மூச்சாகக் கம்ப்யூட்டருக்குள் பதிந்துகொள்வோம். பிறகு நான் முழுக்கக் கேட்டு, எங்கெங்கே வெட்ட வேண்டுமோ அங்கே ஒரு பொத்தானை அமுக்குவேன். சிடியில் ஐந்தாம் எண்ணை அமுக்கினால் ஐந்தாம் பாட்டு வர வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் வெட்டு. அமுக்கிய இடம் திரையில் எண்ணாக நிற்கும்: நிமிடம், நொடி, கடைசியில் நொடிக்குள்ளே இன்னும் இரண்டு எண். கம்ப்யூட்டர் நின்றுபோனால் எல்லாம் போய்விடும் என்று நான் அதை என் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். மென்பொருள் அந்த எண்களை ஒரு பட்டியலாகச் சிடி எழுதும் பெட்டிக்குக் கொடுக்கும். சார் ஒரு விதி வைத்திருந்தார். வெட்டு, குரலை ஒட்டி இருக்க வேண்டும். எண்ணை அமுக்கியதும் குரல் வந்துவிட வேண்டும். சும்மா காத்திருக்கும்படி விடக் கூடாது.

சிடி எழுதி முடிந்ததும் சோதனை. முதல் பாட்டின் தலையைக் கேட்க வேண்டும், கடைசிப் பாட்டின் வாலைக் கேட்க வேண்டும். இரண்டும் சரி என்றால் நான் சிடியின் மேல் ஒரு பச்சைப் புள்ளி வைப்பேன். இது கேசட் காலத்துப் பழக்கம். கேசட்டுக்குத் தலையும் வாலும் மட்டும்தான், நடுவில் வெட்டு கிடையாது. அதையே சிடிக்கும் செய்துகொண்டிருந்தோம். பதினோரு துண்டாக வெட்டினால் இருபத்திரண்டு நுனி இருக்கிறது என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மீனைத் துண்டு போட்டவளுக்கே தோன்றவில்லை.

புது மென்பொருள் வந்த பிறகு இரண்டொருவர் குறை சொன்னார்கள். நாதஸ்வரத்தில் தொடக்கம் கொஞ்சம் விழுங்குகிறது, பஜனையில் முதல் எழுத்து காணவில்லை என்றார்கள். சார் என் நோட்டைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். "கை நடுங்குதா அஞ்சலையம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் வேறு எது கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் லால்பேட்டையிலிருந்து ஜமீலாம்மா வந்தார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கைக்குட்டைக்குள் கைக்குட்டையாகச் சுற்றி ஒரே ஒரு கேசட். அவருடைய வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் கடுதாசிக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். இவரும் ராத்திரி ராத்திரி அறையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பதினோரு பேச்சை ஒரே கேசட்டில் நிரப்பியிருந்தார். அது வந்து சேர்ந்த இரண்டாம் மாதம் மாரடைப்பில் அங்கேயே போய்விட்டார். அடக்கமும் அங்கேயே.

"மொகத்தக்கூட பாக்கலக்கா. இது மட்டுந்தான்."

"ஒவ்வொரு பேச்சும் தனித்தனியா வேணுமாம்மா?"

"ஆமா. ஒவ்வொண்ணும் என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டுத்தான் ஆரம்பிப்பாங்க." சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "வூட்டுல மாமா மாமி எல்லாம் இருப்பாங்க. அவுங்க எதுர பொண்டாட்டியப் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க. 'இந்தா', 'இங்க பாரு', அவ்வளவுதான். பதிமூணு வருசத்துல அவுங்க வாயில எம் பேரு வந்தது இந்தக் கேசட்டுலதாங்க்கா. நம்பர அமுக்குனா கூப்புடணும். அதுக்குத்தான்."

நாடாவில் வெள்ளைப் பூஞ்சை. நான் கூடு மாற்றி, பஞ்சால் துடைத்து, கையால் சுற்றினேன். ஒரே ஒரு முறைதான் ஓட்ட முடியும் என்று சார் சொன்னார். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவரே ஓட்டினார். ஒரு மணி நேரம் ஓடியது. அந்த மனிதர் ஊர் விசாரித்தார், மழை விசாரித்தார், கொல்லையில் இருந்த முருங்கையை விசாரித்தார். ஓடி முடிந்ததும் டேப்பின் தலையைப் பார்த்தால் செம்மண் மாதிரி பொடி ஒட்டியிருந்தது. நாடா பல இடங்களில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இனி அது வெறும் பிளாஸ்டிக்.

நான் பதினோரு துண்டாக வெட்டினேன். அந்த மனிதர் அவசரக்காரர். விரல் டேப்ரிக்கார்டர் பட்டனில் இருக்கும்போதே கூப்பிட்டுவிடுவார். 'டக்' என்ற பட்டன் சத்தமும் 'ஜமீலா'வும் ஒட்டியே வரும். நான் அந்த 'டக்'குக்கு முன்னால் மயிரிழையில் வெட்டினேன். கலா எழுதினாள். தலை கேட்டேன், வால் கேட்டேன், பச்சைப் புள்ளி வைத்தேன். ஜமீலாம்மா வாங்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை மதியம் கலா வழக்கம்போல, கொடுத்து முடித்த வேலைகளையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தாள். இடம் கிடையாது, அழித்தால்தான் அடுத்த வாரம் வேலை நடக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜமீலாம்மா வந்து நின்றார். சண்டை போடவில்லை. சிடியை மேசைமேல் வைத்தார்.

"அக்கா, எம் பேரக் காணும்."

போட்டோம். முதல் பேச்சில் 'ஜமீலா' என்று முழுசாக இருந்தது. இரண்டாவது, 'மீலா'. மூன்றாவது, வெறும் 'லா'. நாலாவதில் பாதி 'மீ'யில் ஆரம்பித்தது. ஐந்தாவது சரியாக இருந்தது. பிறகு மறுபடியும் குறை.

சார் கலாவைப் பார்த்தார். கலா தலையைக் குனிந்துகொண்டு, "சனிக்கெழமையே அழிச்சிட்டேன் சார்" என்றாள். நாடா போய்விட்டது. கம்ப்யூட்டரில் இருந்ததும் போய்விட்டது. மிச்சம் இந்தச் சிடி ஒன்றுதான். சார் அந்தச் சிடியை எடுத்தார். என் பக்கம் தள்ளப் போகிறார் என்று நினைத்தேன். தன் பக்கமாக ஒரு விரற்கடை இழுத்து வைத்துக்கொண்டார்.

"பேரு போயிருச்சாக்கா?" என்று ஜமீலாம்மா கேட்டார். என் பச்சைப் புள்ளி அதன் மேல் இருக்கிறது.

"ஒக்காருங்கம்மா" என்றேன். "கலா, மொதப் பேச்சோட வாலப் போடு."

"அது சரியா இருக்கேக்கா, தலதான..."

"வாலப் போடுங்குறேன்."

அந்த மனிதர் கடைசியில் சலாம் சொன்னார். பிறகு கொஞ்சம் இரைச்சல். இரைச்சலின் நுனியில் 'டக்'. அதை ஒட்டிக் கண் இமைக்கிற நேரத்துக்கு ஒரு 'ஜ'.

"இன்னொரு தடவ" என்றார் சார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூன்று முறை கேட்டோம். பிறகு இரண்டாம் பேச்சின் வால். அங்கே 'டக்'கும் 'ஜமீ'யும் இருந்தன. மூன்றாவதில் இல்லாதது இரண்டாவதின் வாலில் இருந்தது.

"எங்கயும் போவலம்மா" என்றேன். "பக்கத்து வூட்டுல போய் ஒக்காந்துக்கிட்டு இருக்கு."

ஜமீலாம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வெட்டு தள்ளி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு எழுத்தும் அழியவில்லை. கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க காதுக்கு இன்சூரன்ஸ் போடணுங்க்கா" என்றாள்.

"மொதல்ல அதுல மாட்ட ஒரு தோடு வாங்கிக் குடு. அப்புறம் இன்சூரன்ஸ் பாக்கலாம்."

சார்கூடச் சிரித்தார். ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி ஜமீலாம்மாவை அனுப்பினோம். கலா பதினோரு துண்டையும் சிடியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் திரும்ப வாங்கி வரிசையாக ஒட்டினாள். கடைசித் துண்டில் ஒரு கீறல். பெட்டி அதைப் படிக்க முக்கி முனகி வெகுநேரம் எடுத்தது. நான் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன். வந்துவிட்டது. திரும்ப வெட்டி எழுதினால்? அதே மென்பொருள்தானே, அதே மாதிரி தள்ளித்தான் வெட்டும். எவ்வளவு தள்ளி வெட்டுகிறது, ஏன் எல்லாவற்றையும் ஒரே அளவு தள்ளவில்லை என்று தெரிந்தாக வேண்டும்.

நான் என் நோட்டை விரித்தேன். எழுத்து என்றால் எனக்குத் தடுமாற்றம். எண் என்றால் கிடையாது. ஒவ்வொரு பேச்சையும் போட்டுக் கேட்டு, எவ்வளவு தின்றிருக்கிறது என்று அந்தந்த எண்ணுக்குப் பக்கத்தில் கோடு போட்டேன். கொஞ்சம் தின்றிருந்தால் ஒரு கோடு, நிறைய என்றால் நாலு. இரண்டு நாள் இதே வேலை. நிமிடத்துக்கும் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. நொடிக்கும் இல்லை. கடைசி இரண்டு எண்ணில்தான் இருந்தது. ஐந்தாம் பேச்சுக்குக் கடைசி எண் சுழி, சுழி. அது சரியாக வெட்டியிருந்தது. ஆறாம் பேச்சுக்குப் பன்னிரண்டு. பெயர் முழுசாக இருந்தது, 'டக்' மட்டும் இல்லை. இரண்டாம் பேச்சுக்கு நாற்பது. 'ஜ' இல்லை. நாலாவதற்கு அறுபது, அதைவிடக் கொஞ்சம் கூட. மூன்றாவதற்கு எண்பத்தெட்டு. 'ஜமீ' இல்லை.

"கலா, இங்க வா. கடைசி எண்ணு பெருசா ஆவ ஆவ ஜாஸ்தி திங்குது. சுழியா இருந்தா தொடவே மாட்டேங்குது."

கலா அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். என் நோட்டில் இருந்த அதே நாற்பது, அதே எண்பத்தெட்டு அங்கேயும் இருந்தன. "சரியாத்தானக்கா குடுத்துருக்கு?" என்றாள். அப்புறம் சிடி எழுதும் பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தாள். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தபடியே கத்தினாள்.

"அக்கா! நம்ம தெரையில ஒரு நொடிய நூறு துண்டா காட்டுது. சிடில ஒரு நொடிக்கு எழுபத்தஞ்சு துண்டுதானாம்!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சின்ன ஆழாக்கால் நாற்பது என்று நாங்கள் சொல்கிறோம். சிடி எழுதும் பெட்டி பெரிய ஆழாக்கை எடுத்து நாற்பது அளந்து ஊற்றிவிடுகிறது. எண் ஒன்றுதான், அளவு வேறு. அதனால்தான் எப்போதும் தள்ளியே வெட்டியது. ஒரு தடவைகூட முந்தி வெட்டவில்லை.

"நூத்துக்கு எழுபத்தஞ்சுன்னா முக்கால்டி" என்றேன். "நாப்பதுக்கு முக்கால் முப்பது. அங்க நாப்பது இருக்குற எடத்துல முப்பதுன்னு எழுது."

"எண்பத்தெட்டுக்கு? இருங்க, கால்குலேட்டர்..."

"அறுவத்தாறு."

கலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபதுக்கு நாற்பத்தைந்து, பன்னிரண்டுக்கு ஒன்பது. ஏழாவதற்கு ஐம்பது; முக்கால் போட்டால் முப்பத்தேழரை. அரையை விட்டுவிடச் சொன்னேன். குறைந்தால் பாதகமில்லை, கூடினால்தான் எழுத்தைத் தின்னும். முதல் பேச்சு தொடக்கத்திலேயே இருந்ததால் அதற்கு வெட்டு இல்லை; மற்ற பத்து எண்ணையும் நான் சொல்லச் சொல்ல அவள் பட்டியலில் கையாலேயே மாற்றினாள். என் அப்பா மூட்டை எண்ணச் சொல்லித் தந்த வாய்ப்பாடு கம்ப்யூட்டருக்குள் போனது அன்றைக்குத்தான். சிடி எழுதி வந்தது. இருபத்திரண்டு நுனியையும் கேட்டோம். எல்லாத் தலையிலும் 'டக்', 'ஜமீலா'.

சார் எழுந்து என் நோட்டை எடுத்து ஒரு முறை புரட்டினார். "கைய சந்தேகப்பட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். வைத்துக்கொள்ளத்தான் செய்தேன், ஒரு வாரம். அன்றிலிருந்து கடையில் தலை-வால் சோதனை இல்லை. எத்தனை வெட்டோ அத்தனைக்கும் இரண்டு நுனி. அதற்கு முன் வாங்கிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களுக்கு மாற்றிக் கொடுத்தோம். வராதவர்கள் வீட்டில் தலை போன பாட்டு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும். அது எனக்கு உறுத்தல்தான்.

கலா விடவில்லை. அந்த மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் போட்டாள். எங்கே தப்பு, எப்படிக் கண்டுபிடித்தோம், என் கோடுகள் எல்லாவற்றையும் எழுதினாள். ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர் பதில் போட்டார். நாங்கள் சொன்னது சரி என்றும் திருத்திவிடுவதாகவும் எழுதியிருந்தார். சில மாதம் கழித்து வந்த புதுப் பதிப்பில், என்னென்ன திருத்தினோம், யார் சொன்னார்கள் என்று ஒரு நீளமான பட்டியல். கலா அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் என் பெயராம். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். வீடியோக் கடைப் பெண்ணே, உனக்கு வேண்டுமானால் வீட்டுக்கு வா, காட்டுகிறேன்.

கடையைப் பிறகு மூடிவிட்டோம். கேசட் கொண்டு வருகிறவர்கள் இல்லை, சிடி போட்டுக் கேட்கிறவர்களும் இல்லை. சாருக்கு முழங்கால் வலி. அதற்காக ஒப்பாரி வைக்க நான் எழுத வரவில்லை. ஒரு நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சொன்னபடி ஒரு வாரம் கழித்து ஜமீலாம்மா வந்தார். பதினோரு பேச்சின் தலையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோம். பதினோரு முறை அந்த மனிதர் கூப்பிட்டார். ஒவ்வொரு முறைக்கும் அந்த அம்மா லேசாகத் தலையை ஆட்டினார், பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் 'ம்' என்போமே, அப்படி. அழவில்லை. எங்களுக்குத்தான் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. புதுச் சிடியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பழைய சிடியையும் குடுத்துருவீங்களாக்கா?"

தப்பான சிடி வாசலைத் தாண்டக் கூடாது என்பது சாரின் கண்டிப்பு. கத்தரிக்கோலால் கீறிக் குப்பையில் போடுவோம். சார் கையில் அப்போது கத்தரிக்கோலும் அந்தச் சிடியும் இருந்தன.

"அது கெட்டுப்போனதும்மா" என்றார் சார். "புதுசுல எல்லாம் சரியா இருக்கே."

"சரியாத்தாங்க இருக்கு. அல்லா ஒங்கள நல்லா வெக்கட்டும்." தயங்கினார். பிறகு சாரிடம் சொல்லாமல் என் பக்கம் திரும்பிச் சொன்னார். "பத்து நாளா அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தங்க்கா. தலையில பேரு இல்லன்னுதான் அன்னக்கி ஓடியாந்தேன். நீங்க வாலப் போட்டுக் காட்டுனதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. சலாம் சொல்லி முடிச்சிர்றாங்க. போறாங்க. போறவங்க நின்னு, திரும்பிக் கூப்புட வாயத் தொறக்குறாங்க. புதுசுல சலாம் சொன்னா சொன்னதுதான். போயிர்றாங்க."

சார் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். சிடியை ஓர் உறையில் போட்டு, அவரே எழுந்து வந்து ஜமீலாம்மா கையில் கொடுத்தார்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வாசல் வரைக்கும் கூடவே போனேன். "பதினோராவது பேச்சுக்கு அப்புறம் வேற பேச்சு இல்லியேம்மா. அதோட கடசியில கூப்புட மாட்டாரே?" என்று கேட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அதப் போட மாட்டங்க்கா. பத்தோட நிறுத்திருவேன்."